பணக்காரர்களால் நமக்கு என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்த்தால்...

கேள்வி இதுதான்: "உலகத்தில் ஆயிரக்கணக்கில் பெருங்கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் வறுமை ஒழிந்துவிடாதா? அவர்களால் சமூகத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை, அது அவர்களே கிளப்பிவிட்ட கதையா?"

பயன் உண்டு. அதில் பெரும்பகுதி அவர்கள் செய்யும் தானத்தில் இல்லை. அவர்கள் பணக்காரர் ஆன வழியில் இருக்கிறது, அந்த வழி நேராக இருந்திருந்தால். ஊரை அடித்து உலையில் போட்டவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. இரண்டு வகையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தச் சொத்து எண். 'இவருடைய சொத்து 200 கோடி டாலர்' என்று செய்தி வந்தால், அவ்வளவும் வங்கியில் கிடக்கிறது என்று மனம் தானாகவே படம் போட்டுக்கொள்கிறது. அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 10 கோடி பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனர் கையில் 4 கோடி. நேற்று சந்தையில் கைமாறியவை 2 லட்சம் பங்குகள். கடைசிப் பங்கு 50 டாலருக்குப் போனது. அந்த ஒற்றை விலையை 4 கோடியால் பெருக்கினால் 200 கோடி டாலர். விற்ற பங்கின் விலையை விற்காத பங்குகளின் மேல் ஒட்டிவைத்த கணக்கு அது.

இப்போது அவர் எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கப் பார்க்கிறார் என்று வையுங்கள். சந்தையைக் கலைக்காமல், நாள்தோறும் கைமாறும் அளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விற்றால் நாளுக்கு 20,000 பங்குகள். 4 கோடியை விற்று முடிக்க 2,000 வர்த்தக நாட்கள் ஆகும். ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்றால் எட்டு வருஷம். அவசரப்பட்டால் விலை சரியும். நிறுவனரே விற்கிறார் என்ற செய்தி வெளியே வந்தால் வாங்க வருகிறவரும் பின்வாங்குவார். ஒருவர் விற்பதற்கே இந்தப் பாடு என்றால், எல்லாப் பணக்காரர்களின் பங்குகளையும் ஒரே சமயத்தில் பிடுங்கி ஏலம் விட்டால் வாங்குவது யார்? காசு வைத்திருந்தவர்களிடம்தான் பிடுங்கியாகிவிட்டதே.

சரி, விலை சரியவே இல்லை, முழுத் தொகையும் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு ஃபோர்ப்ஸ் பட்டியலில் 100 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்தவர்கள் 2,781 பேர். அவர்களுடைய மொத்த மதிப்பு 14.2 லட்சம் கோடி டாலர். உலக மக்கள்தொகை சுமார் 810 கோடி. வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 1,750 டாலர். பரம ஏழைக்கு இது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அடுத்த ஆண்டு பகிர அந்தப் பட்டியலே இருக்காது. இன்னொரு விதமாகச் சொன்னால், அதே தொகை அமெரிக்க மத்திய அரசின் செலவை இரண்டு ஆண்டுக்குச் சற்றே கூடுதலாகத் தாங்கும். அவ்வளவுதான். சொத்து பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அது குவிந்து கிடப்பது. பரப்பினால் மெல்லிசாகிவிடும்.

அந்தப் பங்குகளுக்குப் பின்னால் இருப்பவை தொழிற்சாலை, இயந்திரம், கிடங்கு, மென்பொருள், பழகிய ஆட்கள், வாங்கிப் பழகிய வாடிக்கையாளர்கள். இவற்றைச் சாப்பிட முடியாது, துண்டு போட்டுக் கொடுக்கவும் முடியாது. யாராவது ஒருவர் நடத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே விவாதம் உண்மையில் பணத்தைப் பற்றியது அல்ல, அதை நடத்தும் முடிவு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

அடுத்தது, உருவாகிற பயனில் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு. பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் (2018இல் நோபல் பெற்றவர்) 2004இல் ஒரு மதிப்பீடு செய்தார். அமெரிக்காவில் வேளாண்மை தவிர்த்த தொழில்களில் 1948 முதல் 2001 வரை நடந்த கண்டுபிடிப்புகள், மேம்பாடுகள் ஆகியவற்றால் விளைந்த மொத்தப் பயனில், அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கைக்குப் போனது சுமார் 2.2 சதவீதம். மிச்சம் விலைக் குறைவாகவும் தரமாகவும் வாங்குகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இது ஒரு நாட்டின் சராசரி. துறைக்குத் துறை மாறும். ஆனால் காரணம் எளிமையானது. ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து லாபம் பார்த்தால், நாலு பேர் அதையே செய்ய வந்துவிடுகிறார்கள். போட்டியில் விலை இறங்குகிறது. முதல் ஆளின் அதிக லாபம் சில ஆண்டுகளில் கரைந்துபோகிறது; விலைக் குறைவு மட்டும் நிலைத்துவிடுகிறது.

இதை ஒரே ஒரு ஆளை வைத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். மால்கம் மெக்லீன், அமெரிக்க லாரி முதலாளி. 1950களில் கப்பலில் சரக்கு ஏற்றுவது எப்படி நடந்தது? மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, எந்திர பாகம் என்று ஒவ்வொன்றாக ஆட்கள் தூக்கிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்குவார்கள். ஒரு கப்பல் நாள்கணக்கில் துறைமுகத்திலேயே நிற்கும். வழியில் உடைவதும் திருட்டும் சகஜம். மெக்லீன் யோசித்தது கப்பலைப் பற்றியே இல்லை. லாரியின் மேல்பெட்டியைச் சக்கரத்திலிருந்து கழற்றி, பூட்டிய பூட்டோடு அப்படியே கப்பலில் வைத்தால் என்ன? லாரிக் கம்பெனிக்காரர் கப்பல் கம்பெனி நடத்தக் கூடாது என்று விதி இருந்ததால், 1955இல் தான் கட்டி வளர்த்த லாரித் தொழிலிலிருந்தே வெளியே வந்தார். பெருங்கடன் வாங்கிக் கப்பல் கம்பெனியைப் பிடித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறைச் சரக்கைக் கையால் ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 5.8 டாலர் ஆன காலம் அது. இந்த முறையில் ஆன செலவு சுமார் 16 சென்ட்.

பெட்டி என்றால் வெறும் பெட்டி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பாரம் சுவரில் இறங்கக் கூடாது, நான்கு மூலைத் தூண்கள் வழியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் வார்ப்பு எஃகுத் துண்டு ஒன்று இருக்கும். அதன் துளைக்குள் முறுக்குப்பூட்டை நுழைத்துத் திருப்பினால் கீழ்ப்பெட்டியும் மேல்பெட்டியும் பிடித்துக்கொள்ளும். கிரேனும் அதே துளையைப் பிடித்துத்தான் தூக்குகிறது. இந்த மூலைத் துண்டின் காப்புரிமை மெக்லீனின் நிறுவனத்திடம் இருந்தது. கம்பெனிக்கு ஒரு பெட்டி என்று இருந்தால் யாருடைய கிரேனும் யாருடைய பெட்டியையும் தூக்க முடியாது, மொத்த முறையும் முடங்கிவிடும். அவருடைய பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வலியுறுத்தியதால், அந்தக் காப்புரிமையை உலகத் தர அமைப்பு பயன்படுத்திக்கொள்ள மெக்லீன் ராயல்டி இல்லாமல் விட்டுக்கொடுத்தார். இன்று எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் மூலையில் அதே வகைத் துளை இருக்கும்.

இதில் அடிபட்டவர்கள் இல்லையா? இருந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களின் வேலை ஒரு தலைமுறைக்குள் பெருமளவு போய்விட்டது. அமெரிக்க மேற்குக் கரையில் 1960இல் தொழிற்சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டு, இயந்திரம் வருவதற்கு ஈடாக ஓய்வுத்தொகைக்கும் ஊதிய உறுதிக்கும் நிதி ஒதுக்கினார்கள். அந்த ஏற்பாடு எல்லாத் துறைமுகத்துக்கும் வரவில்லை என்பது இந்தக் கதையின் குறைதான்.

மெக்லீன் 1969இல் தன் கப்பல் நிறுவனத்தை விற்றுப் பெரும்பணக்காரர் ஆனார். பத்து வருஷத்துக்குள் இன்னொரு கப்பல் நிறுவனத்தை வாங்கினார். பிறகு எண்ணெய் விலை உச்சத்துக்குப் போனது. இன்னும் ஏறும் என்று கணித்து, மெதுவாகப் போய் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பன்னிரண்டு ராட்சதக் கப்பல்களைத் தென்கொரியாவில் கட்டச் சொன்னார். அவை தண்ணீரில் இறங்குவதற்குள் எண்ணெய் விலை விழுந்தது. வேகமான கப்பல் வைத்திருந்த போட்டியாளர்கள் முந்திக்கொண்டார்கள். 1986 நவம்பரில் சுமார் 120 கோடி டாலர் கடனோடு நிறுவனம் திவாலானது. கப்பல்கள் என்ன ஆயின? கடலில் மூழ்கவில்லை. கட்டிய விலையில் சிறு பங்குக்குப் போட்டியாளர் வாங்கி ஓட்டினார். நட்டம் முதலாளிக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும். மலிவான கப்பல் சேவை உலகத்துக்கு.

பணக்காரர்களை எதிர்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். ஒரு நிறுவனம் கவிழ்ந்தால், மீதி இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குச் சட்டத்தில் வரிசை உண்டு. நாட்டுக்கு நாடு சற்று மாறினாலும் பொதுவாக, அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களும், வரம்புக்கு உட்பட்ட ஊழியர் சம்பள பாக்கியும் முன்னால். பிறகு வரி பாக்கி, சரக்கு கொடுத்தவர்கள், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். அதற்குப் பிறகு முன்னுரிமைப் பங்குதாரர்கள். கடைசியில் சாதாரணப் பங்கு வைத்திருப்பவர், அதாவது முதலாளி. அவர் முறை வரும்போது பெரும்பாலும் தட்டில் ஒன்றும் இருக்காது. ஊழியர் மாதச் சம்பளத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார். முதலாளி கடைசி ஆளாக நின்று மிச்சத்தை எடுக்கிறார். மிச்சம் நிறைய இருந்தால் நமக்குக் கண் உறுத்துகிறது. இல்லாமல் போனவர்களின் பட்டியலை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

இன்னொரு பயன், கொஞ்சம் சிரிப்பு வரக்கூடியது: பணக்காரர்களின் பந்தா. 1983இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் கையடக்க செல்போன் மோட்டோரோலா டைனாடாக் 8000எக்ஸ். விலை 3,995 டாலர். எடை ஏறக்குறைய 800 கிராம். பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். அறிவுள்ள யாரும் அந்த விலைக்கு அதை வாங்க மாட்டார்கள், பந்தாவுக்காக வாங்கினார்கள். இதன் கணக்கு இப்படி. ஒரு பொருளை வடிவமைத்துத் தொழிற்சாலை அமைக்க 10 கோடி டாலர் ஆகிறது. ஒவ்வொன்றையும் செய்ய 100 டாலர் ஆகிறது. ஒரு லட்சம் பேர்தான் வாங்குவார்கள் என்றால், விலை 1,100 டாலருக்குக் கீழே போனால் நட்டம். பத்துக் கோடி பேர் வாங்கினால் 101 டாலருக்கே கட்டுப்படியாகும். ஆனால் முதல் நாளே பத்துக் கோடி பேர் வரமாட்டார்கள். பொருள் சொதப்பலாகவும் விலை அநியாயமாகவும் இருக்கும் காலத்தில் வாங்கி, அந்த முதல் 10 கோடி டாலரை அடைக்க ஒரு கூட்டம் வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அது கட்டப்பட்டுவிட்ட பாலம்.

ஆடம்பரத்துக்குத் தனி வரி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1990இல் அமெரிக்கா 1,00,000 டாலருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளின் கூடுதல் விலை மேல் 10 சதவீத வரி போட்டது. பணக்காரர்கள் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், அல்லது வெளிநாட்டில் வாங்கினார்கள். படகு கட்டும் தச்சரும் வெல்டரும் வேலை இழந்தார்கள். அப்போது பொருளாதார மந்தமும் இருந்தது, எல்லாப் பழியையும் வரி மேல் போட முடியாது. ஆனாலும் 1993இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

தானத்துக்கு வருவோம். அரசிடம் இல்லாத எதைப் பணக்காரரின் தானம் தருகிறது? தொகையில் அரசோடு போட்டி போட முடியாது. அரசு தொடத் தயங்குவதைத் தொட முடியும் என்பதுதான் அதன் பலம். கருத்தடை மாத்திரை நல்ல உதாரணம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிலையில் இல்லை. மருந்துக் கம்பெனிகள் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தன. கேத்தரின் மெக்கார்மிக் என்ற பணக்காரப் பெண்மணி 1953 முதல் கிரெகரி பின்கஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்குப் பெரும்பாலும் தனி ஆளாகவே பணம் கொடுத்தார். 1960இல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அவர் யாரிடமும் ஓட்டு கேட்க வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் முடிந்தது. (அதே காரணத்தால் ஒரு பணக்காரர் தப்பான காரியத்துக்கும் பணம் போடலாம். கத்தி இருபுறமும் வெட்டும்.)

எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் 1909இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ஐந்தாண்டு ஆணையம் ஒன்று அமைத்தார். புழு வெறுங்காலில் தோல் வழியாக ஏறிக் குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். பரிசோதித்த பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதத்தினருக்கு அது இருந்தது. அந்தப் பகுதி மக்களைச் சோம்பேறிகள் என்று மற்றவர்கள் கேலி செய்ததற்கு ஒரு காரணம் இந்த ரத்தசோகை. தைமால் என்ற புழு மருந்தைக் கொடுத்து, பிறகு எப்சம் உப்பால் பேதியாக வைத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மருந்தோடு நின்றிருந்தால் சில மாதத்தில் மறுபடி தொற்றியிருக்கும். ஆகவே கழிப்பறை கட்டுவதையும் காலணி போடுவதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள், மாநிலச் சுகாதாரத் துறைகளையும் கூடவே இழுத்தார்கள். பின்னாளில் பள்ளி வருகையும் வருமானமும் உயர்ந்ததை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல நன்கொடைகள் பாழாய்ப் போவது இதைத் தவறவிட்டுத்தான். எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி உலகம் முழுவதும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். கட்டடத்துக்கு மட்டும்தான் கொடுப்பார். இடம் ஊர் தர வேண்டும். கூடவே, நன்கொடைத் தொகையில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் தன் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வாங்கினால் வருஷத்துக்கு 2,000 டாலர் ஊர் போட வேண்டும். புத்தகத்தில் ஆர்வம் இல்லாத ஊர் இந்த நிபந்தனையைப் பார்த்தே ஒதுங்கிக்கொண்டது. அப்படியும் சில ஊர்கள் சொன்ன பத்து சதவீதத்தைக் கட்டவில்லை. பல நூலகங்களில் பயிற்சி பெற்ற நூலகர் இல்லை. 1917இல் கட்டடத்துக்குக் கொடுப்பது நின்றது.

சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட் இதில் இன்னும் கெட்டிக்காரர். 1912 தொடங்கி 1932 வரை, அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழ அவர் காரணமானார். மொத்தச் செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். அவர் பங்கு அதில் 15 சதவீதம்தான். அதைவிடச் சற்று அதிகமாகக் கறுப்பின மக்களே காசாகவும் மரமாகவும் உழைப்பாகவும் போட்டார்கள்; பெரும்பகுதி அரசின் வரிப்பணம். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவழிக்க மனமில்லாத நிர்வாகத்தின் பணப்பெட்டியைத் திறக்கும் சாவியாக அந்த 15 சதவீதம் வேலை செய்தது. கட்டட வரைபடமும் கூடவே கொடுத்தார்கள்: மின்சாரம் இல்லாத ஊர் என்பதால் கிழக்கும் மேற்கும் பார்த்து உயரமான ஜன்னல்களை வரிசையாக வைத்து, எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாதபடி வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. தான் இறந்து 25 ஆண்டுக்குள் அறக்கட்டளை எல்லாப் பணத்தையும் செலவழித்து மூடிவிட வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். 1948இலேயே மூடிவிட்டார்கள்.

இனி, சறுக்கியது. ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் 'பிளேபம்ப்' என்ற ஆப்பிரிக்கக் குழாய்த் திட்டத்துக்கு 2006இல் ஒரு பணக்கார அறக்கட்டளையும் அமெரிக்க அரசும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தன. குழந்தைகள் விளையாடுவார்கள், ஊருக்குத் தண்ணீர் கிடைக்கும். கேட்க இனிக்கிறது. கணக்கைப் பாருங்கள். பம்பின் திறன் மணிக்கு 1,400 லிட்டர். ஒரு பம்ப் 2,500 பேருக்குப் போதும் என்றார்கள். தலைக்கு 15 லிட்டர் என்றால் நாளுக்கு 37,500 லிட்டர். வகுத்தால் கிட்டத்தட்ட 27 மணி நேரம். ஒரு நாளில் அத்தனை மணி நேரமே இல்லை! நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் சலித்துப் போனபின் பெரிய பெண்கள் ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழுதானால் உதிரி பாகம் கிடைக்கவில்லை. சாதாரணக் கைப்பம்பைவிடச் சுமார் நாலு மடங்கு விலை வேறு. கார்னெகியின் பத்து சதவீத நிபந்தனையைப் போல, 'பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது, பணம் யாருடையது' என்று முதல் நாளே கேட்டிருந்தால் இது காகிதத்திலேயே நின்றிருக்கும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இரண்டு தரப்பும் பாதிக் கணக்கைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2022இல் உச்ச ஒரு சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 22.4 சதவீதம் பெற்று, மத்திய அரசின் வருமான வரியில் 40.4 சதவீதம் கட்டினார்கள். 'பணக்காரர் வரியே கட்டுவதில்லை' என்பது இதனால் அடிபடுகிறது. ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி இந்தக் கணக்கில் இல்லை, பங்கு விலை ஏற்றமும் விற்கும்வரை வருமானமாகக் கணக்கில் வராது. பங்கை விற்காமல் அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவழித்தால் கடன் வருமானம் இல்லை, வரி இல்லை. இறந்த பிறகு வாரிசுக்கு அன்றைய சந்தை விலையே வாங்கிய விலையாகக் கருதப்படுவதால், இடைப்பட்ட ஏற்றம் முழுக்க வருமான வரியிலிருந்து தப்பிவிடுகிறது. இது ஓட்டைதான். அடைக்க வேண்டியதுதான்.

அதற்கு மருந்தாகச் செல்வ வரியை, அதாவது சொத்தின் மொத்த மதிப்பின் மேல் ஆண்டுதோறும் போடும் வரியைச் சொல்கிறவர்கள் அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும். சொத்து ஆண்டுக்கு 5 சதவீதம் ஈட்டுகிறது; 2 சதவீதம் செல்வ வரி. கேட்கச் சின்னது. உண்மையில் ஈட்டியதில் 40 சதவீதம். பணவீக்கம் 3 சதவீதம் என்றால் உண்மையான ஈட்டம் 2 சதவீதம்தான். முழுவதும் போய்விடும், வருமான வரி அதன் மேல். இன்னொரு சிக்கல்: இன்னும் ஒரு காசு லாபம் பார்க்காத புது நிறுவனத்தை முதலீட்டாளர்கள் 100 கோடி டாலர் என்று மதிப்பிட்டால், 30 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனர் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் கட்ட வேண்டும். கையில் இருப்பது சம்பளம் மட்டும். பங்கை விற்கலாம் என்றால் சந்தையில் இல்லாத பங்கை யார் வாங்குவார்கள்? அடுத்த ஆண்டு மதிப்பு பத்தில் ஒன்றானால் கட்டியது திரும்பி வராது. ஓஇசிடி என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் 1990இல் 12 நாடுகளில் இருந்த இந்த வரி 2017இல் 4 நாடுகளாகச் சுருங்கியது. ஸ்வீடன் 2007இல் கைவிட்டது. சுவிட்சர்லாந்தில் இன்றும் நடக்கிறது. அங்கே விகிதம் குறைவு, கட்டுகிறவர்கள் அதிகம், தனிநபர் பங்கு விற்ற லாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. அதாவது ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

கடைசியாக, யாருக்காகப் பேசலாம், யாருக்காகக் கூடாது? ஒரு பணக்காரரைப் பற்றி நான்கு கேள்வி கேட்பேன். வாங்கியவர்களுக்கு வேறு கடைக்குப் போகும் வழி இருந்ததா? அரசின் சலுகையோ உரிமமோ இறக்குமதித் தடையோ இல்லாமல் இவ்வளவு சேர்ந்திருக்குமா? புகை, கழிவு, உடைந்த உடம்பு என்று யார் தலையிலாவது செலவைக் கட்டினாரா? நட்டம் வந்தபோது தானே தாங்கினாரா, 2008இல் பெரிய வங்கிகள் செய்த மாதிரி வரிகட்டுவோர் பக்கம் கையை நீட்டினாரா?

மேலே சொன்னவர்களையே இதில் நிறுத்திப் பாருங்கள். கார்னெகி எஃகை மலிவாக்கினார். ஆனால் இறக்குமதித் தீர்வை அவருக்குக் குடை பிடித்தது. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் அவர் தடுமாறுகிறார். நூலகங்கள் அதை அழிக்காது. ராக்ஃபெல்லர் மண்ணெண்ணெய் விலையை இறக்கினார். கூடவே ரயில்வேக்களிடம் ரகசியத் தள்ளுபடி பேசிப் போட்டியாளர்களை நெரித்தார். 1911இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நிறுவனத்தை உடைத்தது. முதல் கேள்வியிலேயே அடி. மெக்லீன் முதல் இரண்டில் நன்றாகவே தேறுகிறார்: ரயிலும் லாரியும் மற்ற கப்பல்களும் இருந்தபோதே வாடிக்கையாளர்கள் அவரிடம் வந்தார்கள், காப்புரிமையை வேலியாக வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதில், வேலை இழந்த துறைமுகத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான்காவதில், 1986இல் அவருடைய சொத்தும் கரைந்தது, கடன் கொடுத்த வங்கிகளின் பணமும் கரைந்தது, ஊழியர்களும் தெருவுக்கு வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில், எண்பது வயதை நெருங்கும்போது, அவர் மறுபடியும் ஒரு சின்னக் கப்பல் கம்பெனி தொடங்கினார்.